வஞ்சி முதல் கொச்சி வரை: மெய்யியல் தொடக்கக் கல்வியில் வினாவும் அளவையும்

முன்னுரை

மெய்யியல் எங்கே, எவ்வாறு தோன்றியது? அதனைக் கற்கப் புகுவோர் எம்முறையில் தொடங்குதல் வேண்டும்? தொடக்கநிலை மாணவர்க்கென எழுதப்பெறும் மெய்யியல் நூல்கள் பெரும்பாலும் இவ்விரு வினாக்களோடுதான் தொடங்குகின்றன. முதல் வினாவுக்கு விடையாகக் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேத்தசு என்னும் கிரேக்கத் துறைமுக நகரில் வாழ்ந்த தேலீசு முன்வைக்கப்பெறுவார். அல்லது உபநிடதங்களும் புத்தர் காலத்துச் சிரமண நெறிகளும் சுட்டப்பெறும். இரண்டாம் வினாவுக்குச் சாக்ரடீசின் வினவு முறை எடுத்துக்காட்டாகும். இவை பிழையானவை அல்ல. எனினும் தமிழ் பயிலும் மாணவர்க்கு இவை வேற்று நிலத்துச் செய்திகளாகவே நின்றுவிடுகின்றன.

மெய்யியல் கற்கப் புகும் ஒருவர்க்கு எதனை முதலில் சொல்வது, எதனைப் பின்னர்ச் சொல்வது, அவர் வினவ இடந்தருவதா, விடையை மட்டும் தருவதா என்பன குறித்துத் தமிழ் நூல்கள் தெளிவான சான்றுகளை விட்டுச்சென்றுள்ளன. அச்சான்றுகளுள் சிலவற்றை ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மணிமேகலையின் வஞ்சி, காஞ்சிக் காதைகள், சைவ சித்தாந்தத் தொடக்க நூல்கள், 1579இல் கொச்சியில் அச்சான தமிழ் வினாவிடை நூல், தருக்க சங்கிரகத்தின் தமிழாக்கம் ஆகியன இங்கு எடுத்துக்கொள்ளப்பெறுகின்றன. வினாவிடை வடிவம் மட்டுமே மெய்யியல் ஆகிவிடாது. விடையைச் சோதிக்கும் அளவையைக் கற்பவர் கையில் தருவதே மெய்யியல் தொடக்கம் என்பதும், அவ்வளவை யாருக்குத் தரப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது வரலாற்று ஆய்வுக்குரிய பொருள் என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகளாகும்.

துறைமுகமும் பட்டிமண்டபமும்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளை விரித்துரைக்கிறது. கோயிற்கொடி, கள்விற்கும் மனைக்கொடி, நாவாய்களின் கொடி ஆகியவற்றோடு, பல கேள்வித் துறைகளிலும் வல்ல ஆசிரியர்கள் வாது கருதி உயர்த்திய கொடியையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் குறிப்பிடுகிறார். வணிகக் கொடிகளுக்கிடையே வாதக் கொடியும் பறந்தது என்பது நோக்கத்தக்கது. மணிமேகலையின் விழாவறை காதையில் இந்திர விழாவை அறிவிக்கும் முதுகுடிப் பிறந்தோன், தத்தம் சமயத்துப் பொருளை நிறுவவல்ல வாதிகளைப் பட்டிமண்டபம் ஏறுமாறு அழைக்கிறான். விழாவுக்கு நகரை அணிசெய்யச் சொல்லும் அதே அறிவிப்பில் வாதத்திற்கான அழைப்பும் அடங்குகிறது.

கொள்கை வேறுபட்ட மாந்தர் வந்து கூடும் இடம் துறைமுகம். தான் பிறந்த குடியின் நம்பிக்கையே உலகத்தார் அனைவரின் நம்பிக்கை என்று எண்ணியிருந்தவன் அங்குதான் முதலில் ஐயுறுகிறான். மிலேத்தசும் துறைமுகம், புகாரும் துறைமுகம். ஆயினும் பல சமயத்தார் அருகருகே வாழ்வதாலேயே மெய்யியல் தோன்றிவிடுவதில்லை. கொச்சி மட்டாஞ்சேரி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. போர்த்துகேசியர் கட்டி 1555இல் கொச்சி அரசர்க்கு அளித்த அரண்மனை, அதனை ஒட்டி 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக் கூடம், கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணியரின் திருமலைக் கோயில், குசராத்தியர் வழிபடும் சமணக் கோயில், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள் ஆகியன இங்குச் சிறு நிலப்பரப்புக்குள் அமைந்துள்ளன. இவ்வளவு சமயங்கள் நெருங்கி வாழ்ந்த இடத்தில் அவை ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டன என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. பொறுத்துக்கொள்ளுதல் வேறு, ஒருவர் கொள்கையை மற்றவர் காரணங்கேட்டு ஆராய்தல் வேறு. பின்னதற்கு ஒரு களமும் வேண்டும். களத்தில் இருதரப்பும் ஏற்கும் நெறியும் வேண்டும். புகாரில் களமாக அமைந்தது பட்டிமண்டபம். அந்நெறியைத் தமிழ் நூல்கள் அளவை என்றன.

வஞ்சியில் ஒரு மாணாக்கி

மணிமேகலை வஞ்சி நகரம் புகும் செய்தி, மெய்யியல் தொடக்கக் கல்வி பற்றித் தமிழில் கிடைக்கும் மிக விரிவான சித்திரம் எனலாம். வஞ்சி எது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. கொச்சிக்கு வடக்கேயுள்ள கொடுங்கல்லூர்த் திருவஞ்சைக்களமே வஞ்சி என்பார் ஒருசாரார். மு. இராகவையங்கார் போன்றோர் அது கருவூரே எனக் கொண்டனர். புகளூர்க் கல்வெட்டுகளும் கருவூர்ப் பகுதியில் கிடைத்த சேரர் காசுகளும் சங்ககாலச் சேரர் தலைநகர் பற்றி அக்கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. இக்கட்டுரைக்கு வேண்டுவது இடத்தின் முடிவன்று. சேர நாட்டுத் தலைநகர் ஒன்றைப் பல சமயக் கணக்கர் கூடிய கல்விக்களமாகச் சாத்தனார் படைத்துக் காட்டினார் என்பதேயாகும்.

வஞ்சியில் பத்தினிக் கடவுளாக நிற்கும் கண்ணகியை மணிமேகலை வணங்குகிறாள். பல சமயத்தாரின் பொருளையும் அறியவேண்டும் என்னும் விருப்பமுடைய அவளிடம் அத்தெய்வம் ஓர் உண்மையைச் சொல்கிறது. நீ இளையள், பெண் என்று கருதி எவரும் தம் கொள்கையின் உட்பொருளை உனக்கு உரைக்கமாட்டார்; ஆதலின் வேற்றுருக் கொள்க என்பது அதன் கருத்து. தான் பெற்ற மந்திரத்தால் மணிமேகலை மாதவன் வடிவம் கொள்கிறாள். அதன் பின்னரே சமயக் கணக்கரிடம் செல்கிறாள்.

காப்பியச் சுவைக்கான நிகழ்ச்சியாக மட்டும் இதனைக் கொள்வது போதாது. மெய்யியல் கற்கும் உரிமை யாருக்கு என்னும் வினா இங்கு நேரடியாக எழுகிறது. கற்கும் ஆற்றல் மணிமேகலைக்கு உண்டு என்பதைக் காப்பியம் காட்டுகிறது. அவளை மாணவராக ஏற்கும் மனம் கற்பிப்போர்க்கு இல்லை என்பதையும் அதுவே ஒப்புக்கொள்கிறது. உருவம் மாறியதும் பதின்மர் தயங்காமல் உரைக்கின்றனர். கேட்பவரின் அறிவு மாறவில்லை. தோற்றம் மட்டுமே மாறியது. சமண நூலாகிய நீலகேசியில் இந்நிலை வேறுபடுகிறது. அதன் தலைவி பெண்ணுருவிலேயே சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி ஆகியோருடன் வாதிடுகிறாள். ஆயினும் அவளை மானிடப் பெண்ணாகவன்றித் தெய்வ மகளாகவே அந்நூலும் படைத்தது. பெண் வாதிடுவதற்கு ஒரு நூலில் ஆணுருவும் மற்றொன்றில் தெய்வப் பிறப்பும் தேவைப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது.

முதலில் அளவை, பின்னர்ப் பொருள்

சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் மணிமேகலை முதலில் அணுகுவது அளவைவாதியை. சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி ஆகிய ஒன்பதின்மரும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இவ்வரிசை தற்செயலானதன்று. எது உண்மை என்று சொல்வாரைக் கேட்பதற்கு முன், உண்மையை எவற்றால் அறிகிறோம் என்பதைக் கேட்கவேண்டும் என்னும் கல்வி முறை இதில் பொதிந்துள்ளது.

அளவைவாதி வேதவியாதன், கிருதகோடி, சைமினி ஆகிய ஆசிரியர் மூவரும் முறையே பத்து, எட்டு, ஆறு என அளவைகளை வகுத்ததை எடுத்துரைக்கிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம் முதலியன விளக்கப்பெறுகின்றன. இவற்றைத் தொடர்ந்து அளவைப் போலிகள் எட்டு கூறப்பெறுகின்றன. ஒன்றை மற்றொன்றாகத் திரியக் கொள்ளுதல், ஐயம், ஆராயாமல் தெளிதல், கண்டும் உணராமை முதலியன அவற்றுள் அடங்கும். அறியும் வழிகளைச் சொன்ன உடனே அறிவு பிழைபடும் வழிகளையும் சொல்வது இம்முறையின் சிறப்பு. கற்கப் புகுவோர்க்கு இரண்டாவது பகுதியே மிகுதியும் பயன்படும். தாம் அறிந்தவற்றுள் எவ்வளவு ஆராயாமல் தெளிந்தவை என்று அவர் முதன்முறையாகத் தம்மையே வினவிக்கொள்ள அது வழிசெய்கிறது.

இதே வரிசை காஞ்சியிலும் மீண்டும் காணப்படுகிறது. தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு முதலில் அளவையையே கற்பிக்கிறார். காண்டல், கருதல் என்னும் இரண்டே அவர் கொள்ளும் அளவைகள். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் உறுப்புகளை விளக்கிய பின், இறுதி இரண்டும் முதல் மூன்றிலேயே அடங்கும் என்கிறார். பின்னர்ப் பக்கப்போலி ஒன்பதும் ஏதுப்போலி பதினான்கும் திட்டாந்தப்போலி பத்தும் விரித்துரைக்கப்பெறுகின்றன. இப்பகுதி நியாயப் பிரவேசம் என்னும் வடமொழித் தருக்க நூலோடு நெருங்கிய உறவுடையது என்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். காப்பியத்தின் காலம் பற்றிய விவாதத்தில் இவ்வுறவு முதன்மையான இடம் பெற்றது. பன்னிரு சார்பு பற்றிய பௌத்தக் கோட்பாடு அடுத்த காதையில்தான் முழுமையாக விளக்கம் பெறுகிறது. தன் சமயப் பொருளையே கற்பிக்கும் இடத்திலும் சாத்தனார் அளவையை முன்வைத்துப் பொருளைப் பின்வைத்தார் என்பது இதனால் பெறப்படும்.

அனுமானத்திற்கு அறவண அடிகள் காட்டும் எடுத்துக்காட்டு எளிமையானது. மலையில் புகை தெரிகிறது, நெருப்பு தெரியவில்லை. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பதை அடுக்களையில் கண்டிருக்கிறோம். ஆதலின் மலையிலும் நெருப்புண்டு எனத் துணிகிறோம். காணாத மலைக்குச் சான்று, நாள்தோறும் காணும் அடுக்களை. இந்திய அளவை நூல்கள் பலவற்றிலும் இவ்வெடுத்துக்காட்டு இடம்பெறுகிறது. தருக்கம் என்பது கற்றோர் அவைக்கு மட்டும் உரியதன்று, வீட்டில் அடுப்பெரிப்பவரும் அறிந்து கையாள்வதே என்பதை இது உணர்த்துகிறது. அடுக்களையில் பெரும்பொழுது கழித்த பெண்டிர்க்குத் தருக்கம் மறுக்கப்பட்ட சமூகத்தில் தருக்கத்தின் முதல் எடுத்துக்காட்டு அடுக்களையிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது முரணாகத் தோன்றினும் உண்மையாகும்.

மாணாக்கியின் முதல் வாதம்

வஞ்சியில் மணிமேகலை பெரும்பாலும் கேட்பவளாகவே இருக்கிறாள். அவள் வாதியாகப் பேசும் இடம், இறுதியில் வரும் பூதவாதியுடன் நிகழும் உரையாடல். பூதங்களின் சேர்க்கையால் உணர்வு தோன்றும், சேர்க்கை பிரியின் உணர்வும் கெடும், காண்டல் ஒன்றே அளவை, இம்மையே உண்டு என்பன பூதவாதியின் கொள்கைகள். தன் முற்பிறப்பைத் தான் அறிந்ததாக மணிமேகலை கூறுகிறாள். அது மயக்கமும் கனவும் போன்றது என அவன் தள்ளுகிறான். அனுமானத்தை நீ ஏற்கவில்லையாயின் உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை எவ்வாறு அறிந்தாய் என்பது அவள் எழுப்பும் வினா.

இவ்வினாவின் அமைப்பைக் கற்கப் புகுவோர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மணிமேகலை பூதவாதியின் முடிவைத் தாக்கவில்லை. அம்முடிவுக்கு அவன் கொண்ட அளவையைத் தாக்குகிறாள். ஒருவன் தன் பிறப்பைத் தானே கண்டவன் அல்லன். பெற்றோர் யாவர் என்பதைப் பிறர் சொல்லாலும் கருதலாலும் அறிகிறான். ஆகவே காண்டல் ஒன்றே அளவை என்பவன் தன் அன்றாட வாழ்விலேயே அக்கொள்கையை மீறுகிறான். முதலில் அளவைவாதியிடம் கேட்ட பாடம் இங்குக் கருவியாகப் பயன்படுகிறது. கேட்டதை ஒப்பிக்காமல் கேட்டதைக் கொண்டு வினவும் நிலைக்கு மாணாக்கி உயர்ந்துவிட்டாள்.

அதே வேளையில் இவ்வாதத்தின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். காண்டல் மட்டும் போதாது என்பதை அவள் வினா காட்டுகிறது. முற்பிறப்பு உண்டு என்பதை அது நிறுவவில்லை. பிறர் கொள்கையை மறுத்தல் ஒன்று. தன் கொள்கையை நிறுத்தல் மற்றொன்று. நன்னூல் எழுவகை மதங்களைக் கூறுங்கால் மறுப்பதையும், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின் களைவதையும், தானே ஒன்றை நாட்டி நிறுவுவதையும் தனித்தனியாகப் பிரித்துரைக்கிறது. இலக்கண நூலின் பாயிரத்தில் இடம்பெற்ற இப்பாகுபாடு மெய்யியல் மாணவர்க்கும் வேண்டுவதாகும். பூதவாதிக்கு மறுமொழி கூறச் சாத்தனார் மேலும் இடந்தரவில்லை. காப்பியம் பௌத்தக் காப்பியம். வாதத்தின் முடிவு முன்னரே அறுதியிடப்பெற்றது. இக்குறையை மறைத்து மணிமேகலையைச் சார்பற்ற ஆராய்ச்சி நூலாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் மாற்றுக் கொள்கையை அதன் காரணங்களோடு பதிவு செய்தது என்னும் சிறப்பு அதற்கு உண்டு. இன்று நாம் பூதவாதியின் தரப்பிலிருந்து விடை தேட முயல்வதற்கும் அப்பதிவே இடந்தருகிறது.

சித்தாந்த நூல்களில் வினா

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களால் ஆயது. ஒவ்வொரு நூற்பாவும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் விளக்கம் பெறுகிறது. அறவண அடிகள் போதும் என்று கொண்ட மூன்று உறுப்புகளோடு இம்முறை ஒத்திருப்பது கருதத்தக்கது. கொள்கையில் மாறுபட்ட இரு மரபுகள் முறையில் ஒன்றுபடுகின்றன. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரும் அளவை இலக்கணத்தை முன்வைத்தே தொடங்குகிறது. பரபக்கத்தில் உலோகாயதன் முதலிய பிறர் மதங்கள் ஒவ்வொன்றும் முதலில் அவரவர் கூற்றாக உரைக்கப்பெற்றுப் பின்னர் மறுக்கப்பெறுகின்றன.

தொடக்கநிலை மாணவர்க்கு வேறு வடிவங்களும் அமைந்தன. மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம், மாணாக்கர் வினவ ஆசிரியர் விடைகூறும் முறையில் அமைந்து, சித்தாந்தம் கற்பார்க்குத் தொடக்க நூலாக வழங்கி வருகிறது. உமாபதி சிவாசாரியாரின் வினா வெண்பாவோ பதின்மூன்று வெண்பாக்களில் ஆசிரியரை நோக்கி வினாக்களை எழுப்புகிறது; விடையைக் கற்போரே தேடவேண்டும். ஒரே மரபுக்குள் விடையோடு முடியும் வினாவும் விடையைத் தேடச்செய்யும் வினாவும் இருந்துள்ளமை இதனால் புலனாகும். சாக்ரடீசைப் பற்றிப் பிளேட்டோ எழுதிய உரையாடல்கள் சிலவும் முடிவான விடையின்றி நிற்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

கொச்சியின் வினாவிடை

தமிழ் அச்சு வரலாற்றில் கொச்சிக்குத் தனியிடம் உண்டு. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானதற்கு அடுத்த ஆண்டு, 1579இல், கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் அச்சேறியது. மார்க்கோசு ஜோர்ஜ் போர்த்துகேசிய மொழியில் எழுதிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம் இது. அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அறிந்த ஹென்றிக் ஹென்றிக்ஸ் இதனைத் தமிழாக்கினார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றித் தமிழ் கற்றவர் அவர். சிறுவர்க்குக் கற்பிக்க உரையாடல் முறையில் வகுக்கப்பெற்றது என்பதை மூலநூலின் தலைப்பே அறிவிக்கிறது. அச்சேறிய தமிழ் உரைநடையின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, கற்கப் புகுவோர்க்கான வினாவிடை நூல் என்பது கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தியாகும்.

இந்நூலின் நோக்கம் நம்பிக்கையைக் கற்பித்தல்; ஆராய்ச்சியைக் கற்பித்தல் அன்று. ஆதலின் அளவை நூல் அல்ல என்று அதனைக் குறைகூறுவது முறையன்று. எனினும் வடிவத்தை நோக்குங்கால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. மறைக்கல்வி நூலில் வினா, விடைக்கு வாயிலாக அமைகிறது. விடை கிடைத்ததும் வினாவின் வேலை முடிகிறது. விடை மனப்பாடத்திற்கு உரியது. மணிமேகலையில் பூதவாதியிடம் எழுந்த வினா, விடையை அளவையின்முன் நிறுத்துகிறது. இரண்டும் வினாவே; அவற்றின் தொழில் வேறு.

இவ்வேறுபாடு சமயத்தால் விளைந்ததன்று என்பதற்கு இயேசு சபை மரபே சான்று. 1605இல் கோவாவுக்கு வந்து, கொச்சி வழியாக 1606இல் மதுரை அடைந்த இராபர்ட் தெ நோபிலி, ஞானோபதேசத்தோடு ஆத்தும நிருணயம் போன்ற காரணங்காட்டும் நூல்களையும் தமிழில் எழுதினார். மறுபிறப்புக் கொள்கையை மறுக்கும் புனர்ஜென்ம ஆட்சேபம் என்னும் நூலும் அவர் பெயரால் வழங்குகிறது. மணிமேகலை பூதவாதியிடம் எழுப்பிய அதே சிக்கல் எதிர்த்திசையிலிருந்து இங்கு வாதப்பொருளாகிறது. கடற்கரை மக்களுக்கு உரைத்தபோது விடையும், கற்றோர் நிறைந்த மதுரையை நோக்கியபோது காரணமும் முதன்மை பெற்றன. கேட்போர் யாவர் என்பதே கற்பிக்கும் முறையை வகுத்தது எனலாம். காரணம் கேட்கத் தக்கோர், விடை மட்டும் பெறத் தக்கோர் என்னும் பிரிவு எல்லா மரபுகளிலும் ஏதேனும் ஒரு வடிவில் நின்றுள்ளது. வஞ்சியில் மணிமேகலை மாதவன் உருக்கொள்ள நேர்ந்ததும் இப்பிரிவினால்தான்.

வினாவிடை வடிவம் பின்னர்த் தமிழ்க் கல்வியில் பரவலாயிற்று. யாழ்ப்பாணத்து வெசுலியன் பள்ளியில் பயின்று, பீட்டர் பெர்சிவலோடு பணியாற்றிய ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையை எழுதினார். பாதிரிமார் பள்ளிகளின் கல்விக் கருவியைச் சைவக் கல்விக்கு ஆக்கிக்கொண்ட செயல் அது. சமயம் மாறினும் வடிவம் நிலைத்தது. இன்று தேர்வுக்குரிய வினாவிடைத் தொகுப்புகளில் அவ்வடிவம் சமயச் சார்பை நீங்கியும் நிலவுகிறது.

தருக்க சங்கிரகமும் கொச்சி அரசும்

மற்றொரு தொடக்க நூலையும் இங்குக் கருதவேண்டும். 17ஆம் நூற்றாண்டினரான அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகம், இளையோர் எளிதில் உணரும் பொருட்டுச் செய்யப்பெற்றது என்று தன் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. நியாய வைசேடிகம் கற்பார்க்கு இதுவே முதல் நூலாக இன்றும் பயிலப்படுகிறது. சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்ட சிவஞான முனிவர் இதனையும் இதன் உரையையும் தமிழாக்கினார். சித்தாந்தம் கற்பவர்க்குப் பிற மரபின் தருக்க நூலும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இம்மொழிபெயர்ப்பே சான்று.

இந்நூலின் அடைவு வேறுபட்டது. திரவியம் முதலிய ஏழு பதார்த்தங்களோடு இது தொடங்குகிறது; அறிவு என்பது குணங்களுள் ஒன்றாக எண்ணப்பெற்று, அங்கேயே காண்டல் முதலிய நான்கு அளவைகளும் விளக்கம் பெறுகின்றன. அளவையிலிருந்து பொருளுக்குச் செல்வது மணிமேகலையின் வழி. பொருள்களிலிருந்து அளவைக்குச் செல்வது அன்னம்பட்டரின் வழி. உலகில் உள்ளவை எவை என்று முதலில் கேட்பதா, உள்ளவற்றை எவ்வாறு அறிகிறோம் என்று முதலில் கேட்பதா என்பது உலக மெய்யியல் முழுவதிலும் தொடரும் வினா. தமிழ் மாணவர் இரு வழிகளையும் தம் மொழியிலேயே ஒப்பிட்டுக் காணலாம்.

கொச்சி நாட்டில் தருக்கக் கல்வி அரச குடும்பத்தின் பேணுதலைப் பெற்றது. மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே திருப்பூணித்துறையில் 1914இல் சமற்கிருதக் கல்லூரி அமைந்தது. சாத்திரச் சதசு எனப்பட்ட அவையில் அறிஞர் நேர்நின்று வாதித்தனர். கொச்சியின் இறுதி அரசரான பரீட்சித்துத் தம்புரான் நியாய நூற் புலமையால் பெயர்பெற்றவர். புகாரின் பட்டிமண்டபத்தைப்போல் இதுவும் நெறிப்பட்ட வாதக்களம். ஆயினும் புகாரின் கொடி தெருவில் பறந்தது. இவ்வவையின் மொழியோ தெருவினருக்கு எட்டாதது. களம் இருந்தும் வாயில் குறுகியது.

இன்றைய வகுப்பறைக்கு

1898இல் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, பௌத்தக் கலைச்சொற்களை விளங்கிக்கொள்ளத் தாம் பட்ட பாட்டை அவர் எழுதியுள்ளார். அவ்வுழைப்பின் பயனாக இன்று 27, 29ஆம் காதைகள் நம் மாணவர் கைக்கு எட்டுகின்றன. எனினும் அவை வகுப்பறையில் பட்டியல்களாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு. அளவைகள் எத்தனை, சமயவாதிகள் யாவர், போலிகள் எவை என்று கேட்டு எண்ணிக்கையை விடையாகப் பெறுவோமாயின், அளவை கூறும் நூலையே அளவையின்றிக் கற்பித்தவராவோம். சாத்தனாரின் காதை அப்போது கொச்சியின் வினாவிடை போலவே பயிலப்படும்.

மாணாக்கர் தாம் கேட்டவற்றைச் சிந்தித்தலும், ஒத்தாரோடு பயிலுதலும், வினவுதலும், வினாவியவற்றுக்கு விடை கூறுதலும் வேண்டும் என்று நன்னூல் பாயிரம் விதிக்கிறது. அதன்படி, பூதவாதியின் தரப்பை ஒரு மாணவரும் மணிமேகலையின் தரப்பை மற்றொருவரும் ஏற்று வாதிக்கச் செய்யலாம். ஒரு செய்தியை எடுத்து, அது காண்டலா, கருதலா, பிறர் உரையா என்று பகுத்தறியப் பழக்கலாம். எட்டு அளவைப் போலிகளுள் ஒவ்வொன்றுக்கும் தம் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுத் தருமாறு கேட்கலாம். இவற்றுக்குப் புதிய பாடநூல் எதுவும் வேண்டுவதில்லை.

தொகுப்புரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. கொள்கை வேறுபட்டோர் கூடும் துறைமுக நகரங்கள் மெய்யியலுக்கு வாய்ப்பளித்தன. வாதக்களமும் பொது நெறியும் அமைந்த இடத்திலேயே அவ்வாய்ப்பு மெய்யியலாக வளர்ந்தது. மணிமேகலை வஞ்சியிலும் காஞ்சியிலும் அளவையை முன்னும் பொருளைப் பின்னும் வைக்கிறது. சிவஞான சித்தியாரும் அவ்வழியே செல்ல, தருக்க சங்கிரகம் மாற்று வழியைக் காட்டுகிறது. 1579இல் கொச்சியில் அச்சான நூல் வினாவிடை வடிவத்தை அச்சுத் தமிழுக்குத் தந்தது. அவ்வடிவம் விடையைச் சேர்ப்பிக்க வல்லது, விடையைச் சோதிக்கும் கருவியைத் தானே தருவதன்று. அக்கருவி யாருக்குத் தரப்பட்டது என்பதில் பால், குலம், மொழி ஆகியன எல்லை வகுத்துள்ளன.

இன்று தமிழ்த்துறை வகுப்புகளில் பெண்கள் பெருந்தொகையினராகப் பயில்கின்றனர். அறிவு கேட்பதற்கு அவர்கள் வேற்றுருக் கொள்ளவேண்டுவதில்லை. வாயில் திறந்திருக்கிறது. உள்ளே வந்தவர்க்கு நாம் விடைகளை மட்டும் தருவோமாயின், வஞ்சியின் கணக்கர் செய்ததைக்காட்டிலும் குறைவாகவே செய்தவராவோம். அவர்கள் ஆளறியாமல் உரைத்தாராயினும், தம் கொள்கையோடு அதன் காரணங்களையும் சேர்த்தே உரைத்தனர்.